கையை விட்டுப் பார்க்கிறவர்

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என் பேரை எதுக்கு எழுதறான், இதுல இவனுக்கு என்ன வருது?" என்று கல்லறைத் தோட்டத்திலிருந்து எழுந்து வந்து கேட்டாலும் கேட்பார். ஏற்காட்டில் பாதிப் பேர் அவரை ரைட்டர் என்று கூப்பிட்டார்கள். மீதிப் பேர் கூப்பிடாமல் ஒதுங்கிப் போனார்கள். காப்பி எஸ்டேட்டில் ஆட்களையும் எடையையும் பார்த்துக்கொள்கிற வேலைக்கு ரைட்டர் என்று பெயர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பட்டம் ஓய்வு பெறவில்லை.

எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மருந்துக் கடை. வீடு கரடியூர் போகிற ரோட்டில், ரைட்டர் வீட்டுக்கு அடுத்த வீடு. ஆக, காலையில் வீட்டு வாசலிலும் சாயங்காலம் கடையிலும் அவரிடம் மாட்டிக்கொள்கிற பாக்கியம் எனக்கு வாய்த்திருந்தது. கடைக்கு வந்தால் மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஒவ்வொரு குமிழையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்.

"உள்ள மாத்திரை இருக்குதா தம்பி?"

"இருக்குதுங்க ரைட்டரே. கம்பெனிக்காரன் போட்டுத்தான் மூடி அனுப்பறான்."

"மூடறப்ப நீ பக்கத்துல இருந்தியா?"

நான் இல்லைதான். அவர் போன பிறகு நானும் அந்த அட்டையை எடுத்து ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பேன். சளி, காய்ச்சல் போல அவருடைய சந்தேகமும் ஒட்டிக்கொள்கிற சாதி. கடைக்குள் நின்றபடி பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போனாரானால், அன்றைக்கு முழுக்க வருகிறவர் போகிறவர் எல்லோரும் எனக்குக் கள்ளமுழி முழிக்கிற மாதிரியே இருக்கும்.

இந்தக் குணம் அவருக்கு எஸ்டேட்டில் வந்தது என்பார்கள். என் அம்மா அங்கே பழம் பறித்தவள். நாள் முழுக்கப் பறித்த காப்பிப் பழத்தைச் சாக்கில் கட்டி, சாயங்காலம் தலையில் சுமந்து வந்து எடை போடுகிற இடத்தில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மேலே சிவப்புப் பழமாக இருக்கும். அடியில் பச்சைக்காய், இலை, யாராவது ஒரு கெட்டிக்காரியின் சாக்கில் கல்கூட இருக்கும். எந்த எஸ்டேட்டிலும் உள்ளதுதான். மற்ற ரைட்டர்கள் சாக்கைக் குலுக்கிப் பார்ப்பார்கள். இவர் சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டு, சாக்கின் அடிவரைக்கும் கையை விடுவார். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு அடியில் விரலால் துழாவுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும் என்பாள் அம்மா.

ஒருநாள் அம்மாவின் சாக்கில் துழாவியிருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடியும் துழாவியிருக்கிறார். அப்புறம் சாக்கைப் பிடித்துக் களத்தில் தலைகீழாகக் கொட்டிவிட்டார். அத்தனையும் ரத்தச் சிவப்பாகப் பழம். பச்சைக்காய் மருந்துக்குக்கூட இல்லை. சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"இன்னைக்கு இல்ல," என்றாராம் ரைட்டர், கையைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்கு வெப்பே."

அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. குனிந்து அத்தனை பழத்தையும் திரும்பப் பொறுக்கியவள் அவள்தானே. ஆனால் அந்த ஒரு பேச்சில் முழு ரைட்டரும் இருந்தார். கிடைத்தால் திருட்டு; கிடைக்காவிட்டால் கெட்டிக்காரத் திருட்டு. அவரிடம் யோக்கியன் என்று பேரெடுக்க வழியே கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு துழாவுவதற்குச் சாக்கு இல்லாமல் போய்விட்டது. அதனால் கிடைத்ததில் எல்லாம் கையை விட்டார். அரிசி மூட்டைக்குள் விடுவார். பால்காரனின் கேனுக்குள் விரலை விட்டு நகத்தில் ஒரு சொட்டை நிறுத்திப் பார்ப்பார். மலைத்தேன் கொண்டு வருகிறவனிடம் தேனை வாங்கித் தாளில் விட்டு, தாள் நனைகிறதா என்று அவன் எதிரிலேயே குந்தி உட்கார்ந்து பார்ப்பார். சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது இவர் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பார் என்று அவருடன் போகிறவர்கள் சொன்னார்கள். ஆண்டவரை அவருக்குச் சந்தேகமில்லை, பக்கத்து பெஞ்சுக்காரரைத்தான்.

இதெல்லாம் வேடிக்கை. ஊரே கேலி பேசியது, நானும் பேசினேன். வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாத ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது.

ரைட்டர் வெளியே கிளம்பினால் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போவார். அதில் என்ன என்கிறீர்களா? உள்ளே அவர் மனைவி இருப்பார்.

அடுத்த வீட்டுக்கு நான் குடி வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, தெரியாமல் பூட்டிவிட்டார்போல என்று நினைத்து ரைட்டரை வழியில் ஓடிப் பிடித்துச் சொன்னேன். "தெரியும் தெரியும்," என்றார். "டூரிஸ்டு வர்ற ஊரு தம்பி. கண்டவன் கதவைத் தட்டறான். தண்ணி கேக்கறான், வழி கேக்கறான். நாம ஊட்ல இல்லாத நேரம் எவன் வருவான் என்ன கேப்பான்னு நமக்கு எப்படித் தெரியும்?" சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் மலையேறுகிற நாட்களில் அவர் எங்கும் போகாமல் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அப்போதும் கதவு சாத்தித்தான் இருக்கும்.

அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னோடு அவர் பேசியதெல்லாம் ஜன்னல் கம்பி வழியாகத்தான். கறிவேப்பிலை, தலைவலி மாத்திரை, ஒரு தட்டில் பலாச்சுளை எல்லாம் அந்த வழியாகவே போகும், வரும். "உள்ளயே இருந்தா குளுரு அடிக்காதுங்க தம்பி," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு ஒரே மகள், கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் வந்தபோது, அம்மாவை அனுப்பி வையுங்கள் என்று அழுது அழுது போன் பண்ணியது. ரைட்டர் அனுப்பவில்லை.

"பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருக்குது, நர்சு இருக்குது. இவ எதுக்கு?" என்று என்னிடம் விளக்கினார். "அந்த மருமகன் ஆளு சரியில்ல தம்பி. இவளைக் கூட்டிப் போயி உக்கார வெச்சு, ஊட்டை எழுதி வாங்கிருவான். இவளும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவா."

பேரப்பிள்ளை பிறந்த செய்தியை அக்கா போனில்தான் கேட்டார். மறுநாள் ஜன்னல் வழியாக எனக்கு ஒரு டம்ளர் பாயசம் கொடுத்தார். "ஆம்பளப் புள்ளைங்க," என்றார். பாயசத்தில் சர்க்கரை போட மறந்திருந்தார். அதை நான் சொல்லவில்லை.

இப்படி இருந்த ரைட்டருக்குத்தான் எர்ணியா வந்தது.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, இடுப்புக்குப் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டார். முதுகுவலியா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். யாருக்கு என்றேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு," என்றார். அந்த ஒருத்தர் தன் வலதுகையை வேட்டியின் மேல் கவட்டை ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

குடலிறக்கம் பெல்ட்டில் தீராது, தைத்துவிட வேண்டும், பெரிய ஆபரேஷன் இல்லை என்று சொன்னேன். உள்ளே ஒரு வலை மாதிரி வைத்துத் தைத்துவிடுவார்கள் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"வலையா?" என்றார். "உள்ள எதைப் புடிக்கறதுக்கு வலை வெக்கறான்?"

"ஒண்ணும் புடிக்கறதுக்கு இல்லீங்க. ஓட்டையை அடைக்கறதுக்கு."

"ஒருவாட்டி உள்ள வெச்சுட்டா அது என்ன பண்ணுதுன்னு நாம பார்க்க முடியுமா? அவன் வெச்சது வலைதான்னு நீ பார்த்தியா?" பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதையும் வேண்டாம் என்று வைத்துவிட்டார். "அது ஒண்ணும் பிரச்சனை இல்ல தம்பி. என் கைக்கு அடங்குது. சாயங்காலம் மல்லாக்கப் படுத்துக்கிட்டு அமுக்குனா உள்ள போயிருது."

சாக்கின் அடிவரைக்கும் போன கை அது. உலகத்தில் அவர் நம்பிய ஒரே பொருள் அதுதான். தினமும் தன் குடலைத் தானே உள்ளே தள்ளிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து கொண்டிருந்தார். மனுஷன் பயப்படுகிறாரே என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. டாக்டரிடம் போங்கள் என்று பார்க்கிறபோதெல்லாம் சொன்னேன். எனக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று அவர் வெளியே பேசுவதாகக் காதில் விழுந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒரு காலை அக்கா ஜன்னலில் நின்று என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றம் ஒன்றும் இல்லை.

"அவருக்கு முடியலீங்க தம்பி. ஒரே வாந்தி. கை வெச்சு அமுக்கறாரு, போக மாட்டேங்குது."

ரைட்டர் வீட்டில் இருந்ததால் அன்றைக்குக் கதவு பூட்டியிருக்கவில்லை. அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கட்டிலில் மல்லாந்து கிடந்தார். குளிரிலும் முகமெல்லாம் வேர்வை. வலதுகை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தள்ளுவதும், பல்லைக் கடிப்பதும், மறுபடி தள்ளுவதுமாக இருந்தார். கையை எடுங்கள் என்று நான் சத்தம் போட்டேன். முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டார். கேட்டார் என்ன, வலி கேட்க வைத்தது.

ஊரில் எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நல்லவேளையாக வந்தார். தொட்டுப் பார்த்தார். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல்லாக இறுகியிருந்தது. டாக்டரம்மா அமுக்கிப் பார்க்கவே இல்லை. "இன்கார்சரேட்டட் எர்ணியா," என்றார் என்னிடம். "உடனே சேலம் போகணும். இப்பவே. வாயில தண்ணிகூடக் குடுக்கக் கூடாது." ஆம்புலன்சுக்கு அவரே போன் பண்ணினார். அடுத்த நோயாளிக்குப் போக வேண்டும் என்று மழையில் கிளம்பிப் போனார்.

இன்கார்சரேட்டட் என்கிற அந்த வார்த்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலீஷில் அதற்குச் சிறையில் அடைக்கப்பட்டது என்று அர்த்தம். பெரிய மனிதர்கள் உள்ளே போகும்போது பேப்பரில் வருகிற வார்த்தை. டாக்டர்கள் அதையே உடம்புக்கும் சொல்கிறார்கள். அடிவயிற்றுச் சதை ஓரிடத்தில் நைந்து விட்டுக்கொடுத்தால், குடலின் ஒரு மடிப்பு அந்த வழியாக வெளியே பிதுங்கும். படுத்தால் தானாக உள்ளே போகிற வரைக்கும் அதற்கு இந்தப் பெயர் கிடையாது. வந்த வழியே திரும்பிப் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டால்தான் இந்தப் பெயர். கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள் சிக்கி மேலே எழும்ப முடியாமல் போனாலும் இதே வார்த்தையைத்தான் எழுதுவார்கள். அடைபட்டது இன்னும் உயிரோடு இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, இடம்தான் தப்பு. அதற்கு அடுத்த நிலைக்கு வேறு பெயர் உண்டு. கழுத்தை நெரித்த மாதிரி ரத்தம் நின்றுவிட்டால், குடல் கருத்து அழுகத் தொடங்கும். அப்புறம் ஆள் பிழைப்பது சிரமம். முதல் நிலை எப்போது இரண்டாவதாக மாறும் என்பதை வெளியிலிருந்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் டாக்டரம்மா அந்த அவசரம் அவசரப்பட்டார்.

இதையெல்லாம் ரைட்டரிடம் சொன்னேன். அவருக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை தெரியும். தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர்.

"குடலை எவன்யா அரஸ்ட் பண்ணுனான்?" என்றார், அந்த வலியிலும். "அந்தம்மா வந்து ஒரு நிமிசம் தொட்டுச்சு. உடனே சேலம் போ, இப்பவே போன்னா என்ன அர்த்தம்? சேலத்துல யாரோ காத்துக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்."

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மெயின் ரோட்டில் பாறை உருண்டு விழுந்திருப்பதால் குப்பனூர் வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று டிரைவர் சொன்னார். அது போதாதா? "பார்த்தியா, சுத்து வழி! ரோடு அடைச்சிருக்குதுன்னு இவன் சொல்றான். நீ போயிப் பார்த்தியா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கெஞ்சினேன். கோயமுத்தூர் மகளைப் போனில் பிடித்துக் காதில் வைத்தேன். அந்தப் பெண் அப்பா அப்பா என்று கதறியது. "இவளுக்கு அதுக்குள்ள யாரு சொன்னது?" என்றார். தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்றால், வேண்டாம் என்கிற மனுஷனைத் தொட மாட்டேன் என்று டிரைவர் கையைக் கட்டிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிடிக்காத ஆள்தான், என் அம்மாவின் சாக்கைக் கொட்டியவர்தான். ஆனாலும் கண்ணெதிரே ஒரு மனிதர் பிடிவாதத்தால் சாவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

இவ்வளவு நேரமும் அக்கா சமையற்கட்டு நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கட்டில் பக்கம் வந்தார்.

"ஏனுங்க," என்றார். "போக வேண்டாங்க. இங்கயே இருங்க."

ரைட்டர் தலையைத் திருப்பினார்.

"இந்த மழையில எதுக்கு அலையோணும்? சூடா கஞ்சி வெக்கறேன். குடிச்சுட்டுப் படுத்துக்கங்க. செத்த நேரத்துல எல்லாம் சரியாப் போயிரும்."

சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குள் போனார். அடுப்பு பற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ரைட்டர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தார். சாக்கின் அடியைத் துழாவும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அம்மா சொன்னாளே, அந்த முகத்தை அன்றைக்கு நான் பார்த்தேன்.

"தம்பி," என்றார் ரகசியமாக. "தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னுதான டாக்டரம்மா சொல்லிட்டுப் போச்சு?"

"ஆமாங்க."

"இவளும் கேட்டுக்கிட்டுத்தான நின்னா?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்குக் கஞ்சி வெக்கறா?" முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "அவனை வரச் சொல்லு. கட்டிலைத் தூக்கச் சொல்லு. நான் இங்க இருக்க மாட்டேன்."

அக்காவின் சாமர்த்தியத்தை நினைத்து நான் அசந்துபோனேன். அத்தனை பேர் கெஞ்சி நடக்காததை, போக வேண்டாம் என்ற ஒரே பேச்சில் நடத்திவிட்டாரே! ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போது அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி ரைட்டர் இன்னொன்று கேட்டார். "கதவைப் பூட்டிட்டு சாவியை எங்கிட்டக் குடு." நான் கதவைச் சாத்தி, பூட்டைப் பிடித்துச் சாவியைச் சத்தம் வரத் திருகி, பூட்டைத் திறந்தபடியே தொங்கவிட்டுவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். குப்பனூர் இறங்குகிற வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் இது எந்த இடம் என்று கேட்டார். சொன்னதை நம்பாமல் டிரைவரிடமும் கேட்டார். கேட்கிற தெம்பு இருக்கிறதே என்று நான் தைரியப்பட்டுக்கொண்டேன்.

பிழைத்துவிட்டார். வயிற்றைத் திறந்தபோது குடல் நாவல்பழ நிறத்தில் இருந்ததாம். விடுவித்துச் சூடான துணியைச் சுற்றி வைத்துக் காத்திருந்ததில் மெல்ல நிறம் திரும்பியதாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் திரும்பியிருக்காது என்று சர்ஜன் சொன்னார். ரைட்டருக்கு மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, வெட்டி எடுத்ததை யார் வைத்திருக்கிறார்கள் என்று. ஒன்றும் வெட்டவில்லை என்றேன். நம்பினாரா என்ன?

மகள் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து பார்த்துக்கொண்டாள். அக்கா வரவில்லை. அந்த நாட்களில் அவரைப் பல இடத்தில் பார்த்ததாக ஊரில் சொன்னார்கள். ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றாராம். கரடியூர் வரைக்கும் ஒற்றை ஆளாக நடந்து போய்விட்டு வந்தாராம். சாயங்காலம் நான் சேலத்திலிருந்து திரும்பும்போது வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பார். "எப்பத் தம்பி அனுப்புவாங்களாம்?" என்று மட்டும் கேட்பார். இப்படிப்பட்ட புருஷன் மேலும் இவ்வளவு பிரியமா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

திரும்பி வந்த ரைட்டர் முன்னைவிட மோசமாக இருந்தார். இத்தனை வருஷம் ஊரைச் சந்தேகித்தவர், இப்போது ஊரை விட்டுவிட்டு ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டார். தட்டில் சோறு வைத்தால் அக்கா முதலில் ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். காப்பி கொடுத்தால் டம்ளரை மாற்றிக்கொள்வார். "நான் சாவக் கெடந்தப்ப போகாதேன்னு சொன்னவ தம்பி இவ," என்று என்னிடம் சொல்லுவார், அக்கா கேட்கிற மாதிரியே. "கஞ்சி வெக்கறேன்னா. ஞாபகம் இருக்குதா உனக்கு? நீ சாட்சி."

எனக்கு ரத்தம் கொதிக்கும். "உங்களைக் கிளப்பறதுக்கு அவங்க பண்ணுன தந்திரமுங்க அது! யாரு எதைச் சொன்னாலும் நீங்க ஏறுக்குமாறா எடுத்துக்குவீங்கன்னு தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னாங்க. அவங்க இல்லீன்னா நீங்க இன்னைக்கு இல்ல!" என்று வாசலில் நின்று கத்தியிருக்கிறேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். நானும் விடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். அக்காவின் சாமர்த்தியம் ஊரெல்லாம் பரவியது. சர்ச்சில் பெண்கள் அவரைப் பிடித்து வைத்து, எப்படி அந்த நேரத்தில் அந்த யோசனை வந்தது என்று கேட்டார்களாம். அக்கா சிரித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அடக்கமான பொம்பளை என்று அதற்கும் ஒரு நல்ல பேர் கிடைத்தது.

சில வருஷம் அப்படியே ஓடியது. போன மழைக்காலத்தில், தூக்கத்திலேயே நெஞ்சடைத்து ரைட்டர் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து, காரியங்களெல்லாம் ஆன பிறகு, மகள் வந்து அம்மாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தாள். சாமான்களை வண்டியில் ஏற்றப் போயிருந்தேன். மகளும் பேரனும் வண்டிப் பக்கம் நின்றார்கள். வீட்டுக்குள் நானும் அக்காவும்தான். காலியான அறையில் அந்தக் கட்டில் மட்டும் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கடைசி வரைக்கும் அந்த மனிதர் இவரைத் தப்பாகவே நினைத்துக்கொண்டு செத்தாரே என்று மனசு ஆறவில்லை.

"அக்கா," என்றேன். "ஊருக்கெல்லாம் தெரியுங்க. அன்னைக்கு மட்டும் நீங்க அந்தத் தந்திரம் பண்ணலைன்னா ரைட்டரு அப்பவே போயிருப்பாருங்க. அவருக்குத்தான் கடைசி வரைக்கும் அது வெளங்கவே இல்ல."

அக்கா சேலைத் தலைப்பால் கட்டில் சட்டத்தில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"எனக்கு எங்கீங்க தம்பி தந்திரமெல்லாம் வருது? அன்னைக்கு நான் நெசமாத்தானுங்க போக வேண்டாம்னு சொன்னேன். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து, மனசுல இருந்ததைப் பயப்படாம அந்த மனுசங்கிட்டச் சொன்னது அது ஒண்ணுதான். அதையும் அவரு நம்புலீங்க."